பேட்டரி போட்ட விடியல்

அவையை ஆளும் தலைவரும், என் அக்காவின் ஆல்பத்தை “பேட்டரி போட்ட விடியல்” என்று ஒரே வரியில் ஓரங்கட்டிய விமர்சகருமான அம்மா அவர்களே. முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே. மடியில் பிள்ளையும் மனத்தில் பாட்டுமாக வந்திருக்கும் தாய்மார்களே. கச்சேரி என்று வந்து பேச்சில் மாட்டிக்கொண்ட நண்பர்களே. மூன்றாம் வரிசையிலிருந்து என்னை முறைக்கும் அக்காவே! அனைவருக்கும் வணக்கம்.

நன்றியுரை என்றதும் நாற்காலிகள் நகர்கின்றன. உட்காருங்கள். நான் பாடகனல்ல, சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவிக்குள் ஒலியைச் செதுக்கும் பொறியாளன். சுற்றி வளைக்கத் தெரியாது.

இதோ என் மடிக்கணினி. திரையில் ஒரு பொத்தான். அழுத்தினால் அக்காவின் ‘மறுபடி வெளிச்சம்’ ஆல்பம் இந்த வாரத்துக்குள் எல்லா இசைத் தளங்களிலிருந்தும் மறையும். அழுத்தச் சொன்னவர் யார்? தலைவரைப் பார்க்காதீர்கள். சொன்னவள் என் அக்கா.

குழுவில் பத்தோடு ஒன்றாக நின்று பாடியவள் தனியாகப் பாடிய முதல் ஆல்பம் இது. வந்தது விமர்சனம். “சிந்தசைசர் சிரிக்கிறது, பாடகி சிரிக்கவில்லை” என்றார் ஒருவர். “நம்பிக்கையை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா?” என்றார் இன்னொருவர். அக்கா அழுதாளா? இல்லை. “பேட்டரி போட்ட விடியல், நல்லா இருக்குல்லடா? அடுத்த ஆல்பத்துக்கு அதையே பேரா வெச்சிடலாம்” என்றாள்.

வந்தது உங்கள் வாழ்த்து. தையல் கூடத்து அம்மா ஒருவர் சொன்னார், “மூணாவது பாட்டு வந்தா மிஷின் தானா ஓடுது தம்பி.” ஒரு மருமகள் எழுதினார், “நானும் மாமியாரும் ஒரே பாட்டுக்குத் தலையாட்டினோம். வீட்டில் யாரும் நம்பவில்லை.” ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர், ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மட்டும் கேட்பாராம். இவற்றைக் கேட்டுத்தான் அக்கா அழுதாள்.

கைதட்டாதீர்கள். இனிமேல் சொல்லப்போவதும் உங்களைப் பற்றித்தான்.

அந்த ஒரு வரி விமர்சனத்துக்காக உங்களில் ஒருவர் தலைவரின் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தார். பத்துப் பேர் பரப்பினார்கள். பல பேர் அழைத்தார்கள். எதற்கு? வாதாடவா? வைவதற்கு. வாய் கூசும் வார்த்தைகளால் வைவதற்கு.

மன்னிப்புக் கேட்க அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். அவள் அங்கிருந்தபோதே மணி அடித்தது. எடுத்தவர் தலைவரின் அப்பா. காது மந்தம். திட்டு அவருக்குத் திட்டாகக் கேட்கவில்லை. மகளிடம் படிக்கும் பிள்ளைகள் என்றே நினைத்தார். சிரித்த முகத்தோடு ஒரே கேள்வி கேட்டார், “சாப்டியாப்பா?”

மறுபடி மணி. மறுபடி திட்டு. மறுபடி அதே சிரிப்பு, அதே “சாப்டியாப்பா?”

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “என் பாட்டக் கேட்டுட்டுப் போய் இன்னொரு வீட்டுல விஷத்தக் கொட்றாங்கன்னா, நான் பாடுனது நம்பிக்கை இல்லடா. எடுத்துடு.”

நான் கெஞ்சினேன். ஒரு நிபந்தனை போட்டாள். “கூட்டத்துல கேளு. பண்ணவங்கள்ல ஒருத்தராவது எழுந்து ஒத்துக்கிட்டா இருக்கட்டும். இல்லன்னா அங்கேயே அழுத்திடு.”

கேட்கிறேன். அழைத்தவர் யார்?

மூன்றாம் பாட்டுக்கு முழங்கிய கூட்டம் எங்கே? முகம் தெரியாதபோது முழங்கிய வாய் எங்கே? “விடுப்பா தம்பி” என்கிறீர்களா ஐயா? விடமாட்டேன். விரலைப் பொத்தான் மேல் வைத்துவிட்டேன்.

பின்வரிசையில் பச்சைச் சட்டை. கை தூக்கினீர்களா, தலை சொறிந்தீர்களா? தூக்கியிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

“நான் பண்ணேங்க. மூணு தடவ. மூணாவது தடவ அவரு, ‘நேத்தும் நீதான பேசுன, இன்னுமா சாப்டல’ன்னு கேட்டாரு. அப்புறம் பண்ணல.”

சிரிக்காதீர்கள். அவர் சிரிக்கவில்லை.

இதோ இன்னொரு கை. சன்னலோரம் ஒரு தங்கை. அவருக்குப் பின்னால் இருவர்.

தலைவர் மைக் கேட்கிறார். தாருங்கள்.

“எழுதுன வரிய நான் மாத்த மாட்டேன். மூணாவது பாட்டு எனக்கு இன்னும் புடிக்கல. ஆனா ஆல்பத்த எடுத்துட்டா நான் எதத் திட்டுனேன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்? இருக்கட்டும்மா.”

அக்கா, தலைவர் சொன்னது கேட்டதா? வாயைத் திறந்து சொல்.

“மூடித் தொலைடா.”

மடிக்கணினியை மூடிவிட்டேன். இப்போது தட்டுங்கள்.

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லவும், அதைச் சொன்னவர் வீட்டில் மணி அடிக்காமல் இருக்கவும் இடமிருக்கும் ஊரில்தான் நம்பிக்கையைப் பற்றிப் பாட முடியும். வசைபாடி வாங்கும் வெற்றி எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

தலைமை தாங்கியவருக்கும், தாங்கிக்கொண்ட அவைக்கும், தலைகுனிந்து கை உயர்த்திய நால்வருக்கும் நன்றி. இங்கே வராத ஒரு பெரியவருக்குப் பெரிய நன்றி. அந்த எண்ணை எல்லோரும் அழித்துவிடுங்கள். பச்சைச் சட்டைக்காரர் மட்டும் கடைசியாக ஒருமுறை அழைக்கட்டும்.

சாப்பிட்டுவிட்டு அழையுங்கள். அவர் கேட்பார்.

வணக்கம்.