போன வருடத்துக் கூட்டம்: ஹெலன் அக்காவுக்கு எங்கள் மடல்

மாலை ஏழரை மணியானால் தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஊரையே தன் பக்கம் திருப்பி வைத்த தீங்குரலே! தேரடியிலும் தெருமுனையிலும் நடந்ததை நடந்தபடியே காட்டிய நேர்மையின் நிறைகுடமே! தறியோசைத் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முப்பது ஆண்டுகள் முன்னின்று நடத்திய முதல்வியே! தந்தையார் ஏசுவடியானின் பலசரக்குக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டியவர், எங்கள் நல்ல காலத்தால் ஒலிவாங்கியின் முன் வந்து உட்கார்ந்த ஹெலன் அக்கா அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடலை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்றார்கள். தொடங்கிவிட்டோம். ஆனால் மேலே சொன்னவற்றில் ஒன்று முழு உண்மை அல்ல. நடந்ததை நடந்தபடி காட்டாமல் ஒரு முறை மாற்றிக் காட்டினீர்கள். அந்த ஒரு முறையைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னால், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டும்போது இந்த மடலே தங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

நேயர் விருப்பத்தில் பாட்டுக் கேட்டு எழுதியவர்களின் பெயரை ஒன்று விடாமல் வாசித்ததில் தொடங்கியது தங்கள் பணி. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று பகல் நின்றபடி வர்ணனை சொன்னீர்கள். குருவிகுளத்துக் கரிசலில் மழை பொய்த்த ஆண்டு, காய்ந்த பருத்தியின் நடுவே நின்று செய்தி சொன்னீர்கள். வாசுதேவநல்லூர்க் குளம் உடைந்த அன்று பேருந்து இல்லாமல் மணல் லாரியில் ஏறிப் போய்ப் படம் எடுத்து வந்தீர்கள். ஊரின் கல்யாணமும் கருமாதியும், சண்டையும் சமாதானமும் தங்கள் குரல் வழியாகத்தான் ஊருக்கே தெரிந்தன.

எங்களில் சிலர், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். கல்லூரியில் சினிமாவும் ஊடகமும் மக்கள் இயக்கங்களும் என்று ஒரு பாடம் படித்துவிட்டு இங்கே வந்தோம். அந்தப் பாடத்தில் கண்டது இதுதான்: படத்தில் ஒருவர் உயரத்தில் நின்று வசனம் பேசுவார், கீழே ஐந்நூறு பேர் கையை உயர்த்துவார்கள். அந்த ஐந்நூறு பேருக்குப் பெயரும் இல்லை, வீடும் இல்லை, மறுநாளும் இல்லை. மாலையானதும் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அனுப்பிவிடுவார்கள். நிஜப் போராட்டத்தைப் படம் பிடிக்கப் போகும் கேமராவும் அந்தச் சினிமாவில் கற்ற பழக்கத்தோடுதான் போகிறது. துண்டு போட்டவரிடம் மைக், மற்றவர்கள் பின்னணி. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கினோம். அதற்கு என்ன விலை என்பது இந்த அலுவலகத்தில்தான் தெரிந்தது.

இனிச் சொல்லப்போவது, தேநீர் வேளைகளில் தாங்களே விட்டு விட்டு எங்களிடம் சொன்னது. அதனால் சபையைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் சற்று நேரம் யாரோ ஒருவரின் கதையைக் கேட்பதுபோல உட்கார்ந்திருங்கள்.

விசைத்தறித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. பெரும்பாலான பட்டறைகள் மூடிக் கிடந்தன. சில மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தறி ஓட்டின. தேரடியிலிருந்து பெரிய ஊர்வலம் புறப்பட்ட அன்று, எங்களிடம் இருந்த ஒரே கேமரா ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தது. அனுப்பியவர் உரிமையாளர் காசிராஜன் அண்ணாச்சி. ஏழரை மணிக்கு வாசிக்கச் செய்தி இருந்தது, காட்டப் படம் இல்லை.

படத்தொகுப்பாளர் எபினேசர் தலையைச் சொறிந்தார். ஹெலன் அக்கா எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போன வருசத்து ஊர்வலம் கெடக்குல்லா, அதப் போடுல."

"யக்கா, அது போன வருசம்லா."

"கூட்டம் கூட்டந்தானல. எவன் உக்காந்து மூஞ்சிய எண்ணப் போறான்?"

உள்ளூர்ச் சானல்களில் அது தவறு என்றே யாருக்கும் தோன்றாது, கைப்பழக்கம். மழைக்குப் பழைய மழை, திருவிழாவுக்குப் பழைய திருவிழா, கூட்டத்துக்குப் பழைய கூட்டம். போட்டார்கள். முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் கையை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். சில நொடிதான். பிறகு நகைக்கடை.

மறுநாள் நடுப்பகலில் அந்தப் பச்சைச் சேலைக்காரர் அலுவலகப் படியேறி வந்தார். பெயர் சங்கரம்மாள். பட்டறையில் தார் சுற்றுபவர். தறி நாடாவுக்குள் போகும் நூலைச் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை.

"யாருக்கா இங்கன செய்தி போடுதது?"

"நாந்தான். என்ன விசயம்?"

"நேத்து முழுக்கப் பட்டறையில தார் சுத்திக்கிட்டு இருந்தவள எப்படிக்கா தேரடியில நிக்க வச்சிய? மொதலாளி நேத்துப் பட்டறைப் பக்கமே வரல, டிவியப் பாத்துட்டு, 'அரை நாள் லீவு போட்டுட்டுக் கொடி புடிக்கப் போனியோ'ன்னு கேக்காரு. நான் எங்க லீவு போட்டேன்? காலையில வாசல்லயே நிப்பாட்டிட்டாரு."

ஹெலன் அக்கா படத்தை ஓட விட்டுப் பார்த்தார். திரையில் இருந்த முகம் எதிரே நின்றது, ஒரு வயது கூடி. அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. திருத்திவிடக் கூடிய தவறுதானே.

"இவ்வளவுதான? நீ கவலைப்படாத. இன்னைக்கே வாசிச்சிருதேன். சங்கரம்மாள் ஊர்வலத்துல கலந்துக்கிடல, அன்னைக்கு அவ வேலையிலதான் இருந்தான்னு."

சங்கரம்மாள் மகிழவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி வாசிச்சியன்னா நான் செத்தேன்."

"ஏன்?"

"எங்க தெருவே வேலைக்குப் போவாமக் கெடக்கு. நான் மட்டும் பின்வாசல் வழியாப் போயிட்டு வாரேன். என் நாத்தனாருக்கே தெரியாது. நீங்க டிவில சொன்னியன்னா கருங்காலின்னு என் வாசல்ல வந்து துப்புவாவ."

"அப்ப ஒண்ணுஞ்சொல்லாம விட்டுரட்டா?"

"வேலை போச்சேக்கா."

வாசித்தால் தெரு போகும். வாசிக்காவிட்டால் வேலை போகும். ஹெலன் அக்கா அதுவரை எத்தனையோ ஊர்வலங்களைக் காட்டியிருக்கிறார். தலைவர்களின் பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் மறுநாளே நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கூட்டத்தில் நின்ற ஒருவரிடம், உன் முகத்தைக் காட்டவா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. நேற்றுத் தான் சொன்ன வார்த்தை அவர் காதுக்குள்ளேயே திரும்ப வந்தது. கூட்டம் கூட்டந்தானல.

"சரி. நான் எத வாசிச்சாலும் ஒனக்குக் கேடு. நீயே சொல்லுதியா?"

"நானா? கேலி பண்ணுதியளாக்கா? கண்ணாடியில மூஞ்சி பாக்கவே எனக்கு நேரமில்ல, டிவில பேசச் சொல்லுதிய."

"யோசி. ஏழரை வரைக்கும் இரு. பேச வேண்டாம்னா வேண்டாம். நீ சொல்லாம ஒன்னப் பத்தி ஒரு வார்த்த போவாது."

சங்கரம்மாள் யோசித்தார். அதற்குள் செய்தி காசிராஜன் அண்ணாச்சிக்குப் போய்விட்டது. ஆறரைக்கெல்லாம் அண்ணாச்சி வந்து நின்றார்கள்.

"ஹெலனம்மா, இந்தச் சானல்ல இதுவரைக்கும் தப்புன்னு ஒரு வார்த்த போனதில்ல. அந்தப் பட்டறைக்காரரு நமக்குத் தபசு விளம்பரம் குடுக்கவரு. எந்தக் கடைக்காரனாவது எஞ் சரக்கு புழுத்துப்போச்சுன்னு வாசல்ல போர்டு வைப்பானா?"

"எங்க அப்பா வச்சாவ அண்ணாச்சி. புழுத்த உளுந்தத் திருப்பி எடுத்துக்கிடுதேன்னு சிலேட்டுல எழுதி வாசல்லயே மாட்டுனாவ. கடை மூடலயே."

"அப்ப நாளைக்கு நீ வரவேண்டாம்."

"இன்னைக்கு வந்துட்டேம்லா."

சொல்லிவிட்டு ஹெலன் அக்கா கண்ணாடி அறைக்குள் போனார். தாளை மேசைமேல் நீவி விரித்து வைத்தார். சங்கரம்மாள் கதவருகில் நின்றார். வருகிறாயா என்று ஹெலன் அக்கா கண்ணால்தான் கேட்டார். சங்கரம்மாள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஏழரை. "நேற்று நாங்கள் காட்டிய ஊர்வலக் காட்சி சென்ற ஆண்டில் எடுக்கப்பட்டது. நேற்றைய ஊர்வலத்துக்கு எங்கள் கேமரா போகவில்லை. கடைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தது. பழைய காட்சியைப் போடச் சொன்னவள் நான். அந்தக் காட்சியில் இருந்தவர் இப்போது பேசுவார்."

சங்கரம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை. ஹெலன் அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தப் படத்துல கத்துதது நாந்தான். போன வருசம். இந்த வருசம் நான் கத்தல, வேலைக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு ரத்தம் சுத்தம் பண்ண ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும், அதுக்காவப் போனேன். ஒளிஞ்சி ஒளிஞ்சிதான் போனேன். மொதலாளி, நான் கத்தாததுக்கு என்ன நிப்பாட்டிட்டிய. எங்க தெருக்காரிய, நான் போனதுக்கு நீங்க ஏசத்தான் செய்விய. ஏசுங்க. ஆனா அது எம் மூஞ்சி. அதக் காட்டவான்னு ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காசிராஜன் அண்ணாச்சியின் கை ஒளிபரப்புப் பொத்தான் பக்கம் போனது. எபினேசர் நாற்காலியோடு நகர்ந்து குறுக்கே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தம்மா முடிச்சிரட்டும். பொறவு ஒயரையும் புடுங்குங்க, என்னையும் சேத்துப் புடுங்குங்க."

அண்ணாச்சி புடுங்கவில்லை. அதற்கு நன்றி. மறுநாள் கடைத்தெருவில் நாலு பேர் கையைப் பிடித்துப் பாராட்டியதும், "நம்ம சானல்லதான்யா இப்படிச் சொல்லுவோம்" என்று அண்ணாச்சியே சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஹெலன் அக்கா அதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு வழக்கம்போல வேலைக்கு வந்தார்.

சங்கரம்மாளுக்கு உடனே வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அன்றிரவு தெருவில் ஏச்சு விழுந்தது உண்மை. ஆனால் காலையில் அதே தெருப் பெண்கள் நாலு பேர் வாசலில் வந்து நின்று, "ஏட்டி, ஆசுபத்திரிக்கு நாங்க மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போறோம். படத்துல முன்னால நின்னவ, நேருலயும் வந்து நில்லு" என்று கூப்பிட்டார்கள். போய் நின்றார். கூலி ஒப்பந்தம் முடிந்தபோது, நிறுத்தப்பட்ட எல்லோரையும் திரும்ப எடுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அவரும் தார் சுற்றப் போனார்.

ஹெலன் அக்கா அவர்களே, இனித் தங்களைப் பார்த்தே பேசுகிறோம். இது தங்களால் நடந்தது என்று இந்த மேடையில் பொய் சொல்ல மாட்டோம். நடத்தியவர்கள் தெருவில் நின்றவர்கள். ஊடகம் உலகத்தைப் புரட்டியது என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எங்களுக்கு எரிச்சல் வரும். தாங்கள் செய்தது அதைவிடச் சின்னது, அதைவிடக் கடினமானது. தவறியதைத் தவறு என்று சொன்ன கையோடு, அந்த வாரமே படத்தொகுப்பு அறைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதினீர்கள்: பழைய படமானால் தேதி போடு. முகம் தெரிந்தால் முகத்துக்காரரிடம் கேள்.

அதன் பிறகு எத்தனை முறை செய்தி பிந்தியது! எத்தனை முறை எங்களை வெயிலில் திருப்பி அனுப்பினீர்கள்! "கேட்டியளா?" என்ற தங்கள் ஒற்றைக் கேள்விக்குப் பயந்து, வேகாத வெயிலில் ஊர்வலத்தோடு ஓடி ஓடிப் பெயர் கேட்டோம். தங்களைத் திட்டிக்கொண்டேதான் கேட்டோம். கேட்கக் கேட்கத்தான் கூட்டம் என்று ஒன்று இல்லை, ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். உரிமையாளர் அவர்களும் மேடையில் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழத்தான் சொல்கிறோம். போன வாரம் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். "இனி ரீல்ஸ் காலம், கேட்டுக்கிட்டு நின்னா செய்தி ஊசிப் போயிரும், அந்த எழுத்தையும் சேத்து அடிச்சிரு" என்று உத்தரவாம். வெள்ளையடித்தாகிவிட்டது. எழுத்து போனது. பழக்கம் போகாது. தாங்கள் நாளை முதல் வரமாட்டீர்கள் என்பதற்காக, பழைய கூட்டத்தைப் புதுக் கூட்டமாக நாங்கள் போட மாட்டோம். கேட்காமல் ஒரு முகத்தையும் காட்ட மாட்டோம். வேண்டாம் என்றால் எங்களையும் நாளை வரவேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணாச்சி. இன்றைக்கு வந்துவிட்டோமல்லவா?

அக்கா, ஓய்வு என்பது தங்களுக்கு ஓயாத நலமாக அமையட்டும்! குரல் கெடாமல், கால் வலிக்காமல், கண்ணாடி போட்டாவது தினமும் ஏழரைச் செய்தியைப் பார்த்து, தவறினால் அலைபேசியில் ஏசும் ஆயுளும் ஆரோக்கியமும் நூறாண்டு தங்களோடு நிலைக்கட்டும்!

இந்த மடலைக் காசிராஜன் அண்ணாச்சி வழங்குவார்கள் என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. மன்னிக்கவும். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வந்து வழங்குவார். மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறார். எபினேசர் படம் எடுப்பார். இன்றைய தேதி போட்டு இன்றே காட்டுவோம்.

சங்கரம்மாள் அக்காவிடம் கேட்டுவிட்டோம். சரி என்றார்.

என்றும் தங்கள் "கேட்டியளா?"வுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட,
தறியோசைத் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுப் பணியாளர்கள்,
சங்கரன்கோவில்.