குணமானவனுக்குக் கப்பல் இல்ல

மெதுவாப் பேசுங்க தம்பி, உள்ள தூங்குதான். ராத்திரி பூரா இருமி இருமி இப்பதான் கண்ணசந்தான். அந்தக் கதவைத் தள்ளாதீய, கிறீச்சுன்னு சத்தம் போடும், முழிச்சிருவான். வீடியோ எங்க போவுது? எந்திரிக்கட்டும், ஆற அமர எடுப்பீய. அதுல உக்காராதீய, கால் ஆடும். இந்த நாற்காலில உக்காருங்க.

கப்பலா? கப்பலுக்கு நேரம் கிடக்குல்லா. உங்க டிரைவர் நந்தகுமார்தான் உங்க பெட்டியையும் டிக்கெட்டையும் வாங்கிட்டு கப்பல் நிக்கிற ஜெட்டிக்குப் போயிருக்கானே. பெட்டிய ஏத்திப்போட்டுட்டு காடிய, அதான் வண்டிய, எடுத்துட்டு வந்து உங்களக் கூட்டிட்டுப் போவான். இந்த ஹட் பே தீவுக்கு வந்த கப்பல் என்னைக்கு சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? டீயக் குடிங்க. பால் பவுடர் டீதான், நாலு நாளா கடல் சரியில்லாம கப்பலே வரல, கடையில ஒண்ணும் கிடையாது.

சார்னு கூப்பிடணும்னு காலைல ஃபங்ஷன்ல சொல்லித் தந்தாவ. எனக்கு வாய் வரல. எங்க ராபின் வயசுதான் இருக்கும் உங்களுக்கு. கோவிச்சுக்கிடாதீய.

ஆமா, நல்ல ஃபங்ஷன்தான். யாரு இல்லேன்னு சொன்னா? சால்வை போட்டீய, சர்டிபிகேட் தந்தீய. அந்த வெள்ளக்காரம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு கண் கலங்கிச்சு. நல்ல மனசு போல. மேப்புல எங்க தீவு முழுக்கப் பச்சையா இருக்குன்னு ஸ்கிரீன்ல போட்டுக் காட்டினீய, எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டினேன். பின்ன, தட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?

உங்க வீடியோவுக்கு நான் எப்படி மாத்திரை குடுத்தேன்னு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்லுதேன். ஆன் பண்ணிட்டியளா?

எம் பேரு செலின். வீட்டுக்காரர் ஜெபராஜ், டிங்கிப் படகுல மீன் பிடிக்கப் போறவரு. எங்க அப்பா மணப்பாட்டுல இருந்து வந்தவரு, நான் இங்கயே பொறந்து வளந்தவ. எட்டு வரைக்கும் படிச்சேன். பிள்ளைய ரெண்டு. மூத்தவ ஜோஸ்லின், போர்ட் பிளேர்ல ஜங்லிகாட்ல கட்டிக் குடுத்திருக்கு. இளையவன் ராபின். போட் இஞ்சின் ரிப்பேர் பண்ணுவான். போன வருசம் இருமல் நிக்கல, ஆள் கயிறு மாதிரி ஆயிட்டான். உங்க சென்டர்ல கபம் பாத்துட்டு டிபின்னு சொன்னாவ. மாத்திரை ஃப்ரீ, பயப்படாதிங்க, பக்கா குணமாயிரும்னாவ. நான் அங்கயே முட்டி போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன். வெளிநாட்டுல யாரோ முகம் தெரியாதவங்க என் பிள்ளைக்கு மருந்து அனுப்புதாங்களே, அவங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்னு தினமும் ஒரு ஜெபமாலை தனியாச் சொல்லிட்டு வந்தேன். இது சத்தியம், இதை வெட்டாம போடுங்க.

மாத்திரை அட்டை உங்களுக்குத் தெரியும்லா. பிரிச்சா உள்ள ஒரு போன் நம்பர் இருக்கும். முழுங்கிட்டு அந்த நம்பருக்கு மிஸ்டு கால் குடுக்கணும். ஒவ்வொரு தடவையும் வேற நம்பர், மாத்திரையப் பிரிக்காம ஏமாத்த முடியாது. நல்ல மூளைதான் யாருக்கோ. காலைல ஜெபம், பெறவு கஞ்சி, பெறவு மாத்திரை, பெறவு மிஸ்டு கால். நான்தான் குடுப்பேன். பையனும் தேறி வந்தான். கன்னத்துல சதை வச்சுச்சு. அக்கா வீட்டுக்குப் போய் நண்டு தின்னுட்டு வாரேன்னு பேச ஆரம்பிச்சான்.

பெறவு மாத்திரை நின்னு போச்சு.

ஏன் கேமராவ இறக்குதீய? எப்படிக் குடுத்தேன்னுதானே கேட்டீய? பிடிங்க, பரவாயில்ல.

வெளிநாட்டுல பணம் நிறுத்திட்டாங்கன்னு சொன்னாவ. ஒரு கப்பல்ல வரும்னாவ, அடுத்த கப்பல்னாவ. சொர்ணம்மாவத் தெரியும்லா, உங்க சென்டர்ல வேலை பாக்குதே, காலைல மேடைல ரோஜாப்பூ குடுத்துச்சே, அது எங்க வீட்டுக்கு வந்து இந்த வாசல்ல நின்னு அழுதுச்சு. அக்கா, மாத்திரை வரல, ஆனா மிஸ்டு கால் நிறுத்திராத, மேப்புல இங்க சிவப்பு விழுந்தா சென்டரையே மூடிருவாங்க, மூடிட்டா மாத்திரை வந்தாலும் வாங்கிக் குடுக்க ஆள் இருக்காதுன்னுச்சு. மேல இருந்து அப்படித்தான் சொல்லச் சொன்னாவளாம். அட்டை இல்லாம நம்பருக்கு எங்க போவேன்னு கேட்டேன். அதையும் அவங்களே போன்ல சொல்லியிருக்காவ. மாத்திரை வரல தம்பி, நம்பர் மட்டும் ஒழுங்கா வந்துச்சு.

நானும் குடுத்தேன். பின்ன என்ன செய்ய? சென்டர் இருந்தாத்தானே மருந்து. வெறும் வயித்துல இருக்கிற பிள்ளை முன்னால இலையப் போட்டு வச்ச மாதிரி, டெய்லி கால் போகும். அவன் பாத்து சிரிப்பான். அம்மா, போன்தான் மாத்திரை தின்னுது, அதுக்குக் குணமாயிரும்னு சொல்லுவான்.

குணமாச்சு. உங்க கம்ப்யூட்டர்ல.

ஹாரனா? அது முதல் ஹாரன், சாமான் ஏத்தும்போது ஊதுவான். உக்காருங்க. கப்பல் விசயத்துல நான் பொய் சொல்லுவேனா, கடல்கரையில கிடக்கிறவ.

பாதியில நின்னா கிருமி மருந்துக்குப் பழகிரும்னு உங்க போஸ்டர்லயே இருக்கு. கிருமிக்கு மீசை வச்சு, கையக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி படம். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சியளோ என்னமோ, அதுக்கு நேர் கீழதான் காலைல நாற்காலி போட்டு என்னை உக்கார வச்சீய. இப்போ பையன் இருமுனா துண்டுல ரத்தம் வருது. சென்டர்ல கேட்டா டெஸ்ட் பண்ற மெஷின் கராப், கெட்டுப் போச்சு, மெயின்லேண்ட்ல இருந்து ஆள் வரணும்ங்காவ. போர்ட் பிளேர் கொண்டு போங்க, அங்க வேற மருந்து இருக்குன்னு சொர்ணம்மா காதோட சொல்லிச்சு. சரி, கப்பல்ல பேஷண்ட் சீட்டு எழுதிக் குடுங்கன்னா, கம்ப்யூட்டர்ல குணம்னு இருக்கிற ஆளை பேஷண்டுன்னு எப்படி எழுதன்னு கேக்காவ. அச்சா, குணமான ஆளாவே சாதா டிக்கெட் எடுத்துட்டுப் போறோம்னா, நாலு நாள் கூட்டம் மொத்தமும் கவுண்டர்ல நிக்குது. எல்லாம் ஃபுல்.

அதுக்குத்தான் காலைல உங்ககிட்ட வந்து நின்னேன். மறந்துட்டியளா? சால்வைய மடிச்சு வச்சுட்டு வந்து கேட்டேனே. தம்பி, உங்க சீட்டுல என் பிள்ளைய அனுப்புங்க, நீங்க அடுத்த கப்பல்ல வாங்க, எங்க வீட்டுல தங்குங்கன்னு. நீங்க என்ன சொன்னீய? அது ப்ரோகிராம் டிக்கெட், அப்படியெல்லாம் ரூல் இல்ல, மெயில் போடுதேன்னு சொன்னீய. மரியாதையாத்தான் சொன்னீய. அடுத்த நிமிசமே, மத்தியானம் வீட்டுக்கு வாரேன், ராபின் சிரிச்ச மாதிரி ஒரு வீடியோ வேணும்னு கேட்டீய. எனக்குக் கோவம் வரல. கோவம் வந்தா ஜெபத்துல மனசு நிக்காது. ஆனா ஒண்ணு தோணிச்சு. இவங்களுக்கு எம்பிள்ளை வேணும், எம்பிள்ளைக்குள்ள இருக்கிற நோவு மட்டும் வேண்டாம்.

வேர்க்குதா? ஃபேன் மெதுவாத்தான் சுத்தும். இந்தப் பலகாரத்தயும் எடுத்துக்கிடுங்க, ஜோஸ்லின் அனுப்புனது. அவ இப்போ ஜங்லிகாட்ல இருந்து ஆட்டோ பேசிக்கிட்டு இருப்பா. கப்பல் அங்க சேர ராத்திரி ஆயிரும்லா.

ஆட்டோ யாருக்குன்னா கேக்கீய?

இது ரெண்டாவது ஹாரன். இனி கயித்த அவுப்பான்.

எங்க எந்திரிக்கீய? காடி வராது தம்பி. நந்தகுமாரத் திட்டாதீய. அவனும் ராபினும் ஒரே பெஞ்சுல படிச்ச பயலுவ. நான் கும்பிட்டுக் கேட்டேன், அதனால செஞ்சான். கதவா? இப்போ தாராளமாத் தள்ளுங்க. கட்டில்ல தலையணைதான் கிடக்கும். உங்கள வாசல்ல இறக்கி விட்ட அதே காடியில, நீங்க செருப்பக் கழட்டி வச்சுட்டு உள்ள வர்ற நேரத்துல, எங்க வீட்டுக்காரர் அவனைப் பின்பக்கமாத் தூக்கிட்டுப் போய் ஏத்திட்டாரு. தூங்குதான்னு சொன்னது பொய்தான். அத ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிடுவேன். உங்ககிட்ட மன்னிப்பு கேக்கல.

உங்க பெட்டி பத்திரமாப் போகும், ஜோஸ்லின் எடுத்து வச்சிருப்பா. ராபினுக்கு மாஸ்க் போட்டு, மேல் டெக்ல காத்து அடிக்கிற பக்கம் தனியா உக்காரச் சொல்லியிருக்கேன். அடுத்தவ பெத்த பிள்ளைக்கு ஒட்டக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். கபத்தைத் துப்ப மூடி வச்ச டப்பா குடுத்திருக்கேன். உங்க ஆளுவ சொல்லித் தந்தது ஒண்ணையும் நான் மறக்கல.

இன்னும் ஒண்ணுதான் பாக்கி இருக்கு. டிக்கெட்டுல உங்க பேரும் நம்பரும் இருக்குல்லா. கப்பல்காரன் கண்டிப்பா உங்களுக்குப் போன் பண்ணிக் கேப்பான்னு நந்தகுமார் சொன்னான். சீட்டுக்காரரு சம்மதிச்சா ஏத்திக்கிடுதேன், இல்லேன்னா படிக்கட்டுலயே இறக்கி விட்டுருவேன்னு சொல்லிட்டானாம். பையனால இன்னொரு தடவை அந்தப் படி ஏற முடியாது தம்பி. மூச்சு தாங்காது அவனுக்கு.

பையில அடிக்குது பாருங்க, உங்க போன்தான்.

எடுங்க. எம்மூஞ்சியப் பாக்காதீய, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே பேசுங்க. அவன் எங்க ஆளுதான்னு சொல்லுங்க.