பூட்டை ஆட்டிப் பார்த்த கைகளுக்கு

நீலவலச ரயில்வே கேட்டின் நெடுங்காவலரே! கரும்பு வண்டிக்கும் கடுகிவரும் ரயிலுக்கும் நடுவே முப்பத்தோராண்டு கண்ணயராது நின்று, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பைடம்மா அக்கா! வருக, வணக்கம்!

இம்மடலை எழுதி வாசிக்கும் பேறு ஸ்டேஷன் மாஸ்டர் அப்பலசாமியாகிய எனக்கு வாய்த்தது. பேறு என்பதைவிடப் பிராயச்சித்தம் என்பதே பொருந்தும்.

கேட்டைப் பூட்டியதற்குச் சாட்சியாக நீங்கள் போனில் ஓர் எண் சொல்ல வேண்டும். அதன் பிறகே நாங்கள் ரயிலுக்குப் பச்சை விளக்குத் தர வேண்டும். இது சட்டம். எண்ணை முதலில் வாங்கிக்கொண்டு, பூட்டைப் பிறகு பூட்டச் சொல்வது எங்கள் வழக்கம். வழக்கத்துக்கு வளைந்தோர் பலர். வளையாதவர் நீங்கள் ஒருவரே! எங்களில் யார், எப்போது கேட்டாலும், 'ஐயா' என்பதற்குப் 'பாபு' என்று விளித்து ஒரே பதில்: "போனை வைக்காதீங்க பாபு, பூட்டை ஆட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

அக்கா ஆட்டுவது பூட்டையா ஊஞ்சலையா என்று கேலி பேசினோம். நானோ, ரயிலை நான்கு நிமிடம் தாமதப்படுத்தினீர் என்று புகாரே எழுதினேன். மேலிடம் விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் அனுப்பியது.

மறுவாரமே காலை எக்ஸ்பிரஸ் வரும் நேரம், எண்ணைத் தராவிட்டால் வேலை போய்விடும் என்று போனில் கத்தினேன். நீங்கள் கத்தவில்லை.

"போனாப் போகட்டும் பாபு. கரும்பு டிராக்டர் அச்சு முறிஞ்சு தண்டவாளத்துல நிக்குது. மேலே ஒன்பது பொம்பளைங்க இருக்காங்க. எண் கிடையாது."

எக்ஸ்பிரஸ் சிவப்பு விளக்கைக் கண்டு தொலைவிலேயே நின்றது. அந்த ஒன்பது பேரும் இதோ, மடியில் உளுந்து உருண்டைச் சம்புடத்தோடு முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க இன்றும் கூசுகிறது.

புகாரை அன்றே திரும்பப் பெற்றேன். அன்றுமுதல் நம் பகுதியின் பதினான்கு கேட்டுகளிலும் பூட்டை ஆட்டிய பிறகே எண். ஆறாண்டாக ஓர் உயிருக்கும் ஊறில்லை. அடுத்த மாதம் உங்கள் கேட்டுக்குப் புதுப் பூட்டு வருகிறது. அதைப் பூட்டாமல் பச்சை விளக்கு எரியவே எரியாதாம். உங்கள் பிடிவாதத்தை இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள், அக்கா!

முழங்கால் வலி நீங்கி, மூன்று வேளையும் சுடச்சுட உண்டு, மணியோசைக்குப் பதறாமல் உறங்கி, நூறாண்டு வாழ்க! என்றேனும் எமதர்மன் போன் செய்து எண் கேட்டால், அவனிடமும் அதையே சொல்லுங்கள்: "போனை வைக்காதீங்க பாபு, பூட்டை ஆட்டிப் பார்த்துட்டு வர்றேன்."

நாங்கள் காத்திருக்கவில்லையா? அவனும் காத்திருக்கட்டும்.

காத்திருக்கக் கற்றுக்கொண்ட,
நீலவலச நிலைய ஊழியர்கள்