திங்கட்கிழமைக்கு முன்பே விடைபெறும் ஹாஜரா அம்மையாருக்கு

வார்டுதோறும் வலம் வந்தவரே, வலியில் கிடந்தவர் வார்த்தையைப் பொறுமையாகக் கேட்டவரே, தவறு கண்டால் தயங்காதவரே, தவறியவரைத் தலைகுனிய விடாதவரே, செவிலியர் கண்காணிப்பாளராகச் சேர்ந்து தரப் பொறுப்பாளராக உயர்ந்து இன்று பணி நிறைவு பெறும் ஹாஜரா அம்மையார் அவர்களே! திருப்பரங்குன்றம் சாலையில் இருக்கும் சின்னக்கருப்பன் நினைவு மருத்துவமனையின் மருத்துவர்களும் செவிலியர்களும் ஆய்வகத்தாரும் துப்புரவுப் பணியாளர்களும் ஓட்டுநர்களும் காவலர்களும் ஒன்றுகூடி அன்புடன் அளிக்கும் மடல் இது.

அச்சகத்தில் ஆயத்தமாக இருக்கும் வாசகத்தை அடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரலாம் என்றுதான் ஊழியர்கள் முதலில் நினைத்தார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். போன மாதம் யாரோ ஒரு தலைமையாசிரியருக்கு வாசித்த வரிகளை உங்களுக்கும் வாசிப்பதா என்று நான் தடுத்துவிட்டேன். என் தந்தையார் பெயர் தாங்கிய இடத்திலிருந்து இரவல் வார்த்தை வெளியே போகக் கூடாது. ஆகவே நிறுவனத் தலைவன் தங்கப்பாண்டியாகிய நானே அனைவர் சார்பிலும் எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. காரணம் உங்களுக்கே தெரியும். இன்று வெள்ளி. தரச்சான்றைப் புதுப்பிக்கும் மதிப்பீட்டுக் குழு திங்கட்கிழமை வருகிறது.

எங்கள் குடும்பம் எழுமலையில் பருத்தி வாங்கி விற்ற குடும்பம். எடையில் குறை வைத்தார்கள் என்று எங்களை எவரும் சொன்னதில்லை. அந்தப் பெயரோடுதான் இந்த மருத்துவமனையைக் கட்டினேன். முதன்முதலாகத் தரச்சான்றுக்கு விண்ணப்பித்தபோது, வெளியூரிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்கள் ஆண்கள் வார்டில் நின்றுகொண்டு, ஒரு மாத்திரை உரிய நோயாளிக்குத்தான் போகிறது என்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். "பேரச் சொல்லிக் கூப்புடுவோம் சார்" என்றார் அன்றிருந்த செவிலியர். அவர்களில் ஒருவர் "முத்துக்கருப்பன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். மூன்று கட்டில்களிலிருந்து "என்னங்கய்யா?" என்று குரல் வந்தது.

சான்று வரவில்லை. "அவுக ஆஸ்பத்திரி பெயிலாம்ல" என்று பேரையூர்ப் பேருந்தில் முன்இருக்கைக்காரர்கள் பேசிச் சிரித்ததை என் காதால் கேட்டேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தது. பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு ஒப்பிட வேண்டும் என்கிறது விதி. எங்கள் பக்கத்தில் பாட்டன் பெயரைப் பேரன்கள் எல்லாருக்கும் வைப்பார்கள். சாமி பெயரை ஊருக்கே வைப்பார்கள். பிறந்த தேதியோ, ஆதாரில் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்று. பக்கத்தில் நிற்கும் மனைவியைக் கேட்கலாம் என்றால், புருசன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். "இவுகதான்" என்று கட்டிலைக் காட்டுவார்கள், அதோடு சரி. செவிலியர்கள் சலித்துக்கொண்டபோது நீங்கள் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

"அவுக வாயப் புடுங்கி என்னடி செய்யப்போறீக? புருசன் பேரத்தான சொல்லமாட்டாக. அவுக பேரக் கேளுங்க, சொல்லுவாகள்ல."

அன்றிலிருந்து நோயாளியின் கைப்பட்டையில் அவர் பெயரும் மருத்துவமனை எண்ணும் மட்டுமல்லாமல், உடனிருப்பவரின் பெயரும் ஏறியது. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும், "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார்கள். இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி போல நிமிர்ந்து நின்று பதில் சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை வந்த மதிப்பீட்டாளர்கள் இதை வியந்து குறித்துக்கொண்டு போனார்கள். சான்று வந்தது. என் தந்தையார் படத்துக்குக் கீழே அதை மாட்டியவர் நீங்கள். ஆணி அடித்தவன் நான்.

அம்மையீர், உங்கள் கண்டிப்பு ஆள் பார்த்ததில்லை. அறுவைக்கு முன் கத்தியைக் கையில் எடுத்த என் மகன் டாக்டர் செல்வக்குமாரை நிறுத்தி, "டாக்டரே, எந்தக் கால்னு ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிருங்க" என்று கேட்டீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் என்னையே மறித்து, "சேர்மன் கைன்னா கிருமி ஒதுங்கிப் போயிருமா அய்யா? கழுவிட்டு வாங்க" என்றீர்கள். மஞ்சள் கழிவுப் பைக்குப் போக வேண்டிய ரத்தப் பஞ்சு சிவப்புப் பையில் கிடந்தால், உங்கள் கையாலேயே எடுத்து மாற்றிவிட்டு, பிறகுதான் போட்டவரைக் கூப்பிடுவீர்கள். உங்களிடம் திட்டு வாங்காத ஊழியர் இங்கே இல்லை. அடுத்தவர் முன்னால் திட்டு வாங்கிய ஊழியரும் இல்லை.

இப்படிப்பட்டவரை மதிப்பீட்டுக்கு மூன்று நாள் முன்னதாக வழியனுப்ப யாருக்கு மனம் வரும்? அறுபதில் ஓய்வு என்பது நான் போட்ட விதி. என் உடன்பிறந்த தம்பிக்கே தளர்த்தாத விதி. அதை உங்களுக்காகத் தளர்த்த முன்வந்தேன். ஆறு மாதம் இருங்கள் என்று கேட்டேன். மறுத்தீர்கள். யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லாதவன், உங்களிடம் கேட்டேன்.

"நான் நின்னாத்தான் நடக்கும்னா, இத்தன வருசமா நான் ஒண்ணுமே உண்டாக்கலன்னு அர்த்தம்யா" என்றீர்கள்.

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீக. பெயிலாப் போனா யாரு மானம் போறது?" என்று கேட்டேன்.

"பெயிலாகுறதா இருந்தா இப்பவே ஆகட்டும்யா. ஒரு சீக்காளிக்கு ஏதாச்சும் ஆகுறதுக்கு முன்னாடி."

நீங்கள் இல்லாமலும் எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க, இந்தப் புதன்கிழமை வேண்டுமென்றே விடுப்புப் போட்டுவிட்டு, கைப்பேசியையும் எடுக்காமல் வீட்டில் இருந்தீர்கள். இருப்புக் கொள்ளாமல் நான் வார்டு வார்டாக நடந்துகொண்டிருந்தேன். நடந்ததை நீங்கள் முழுதாக அறியமாட்டீர்கள். சபையறியச் சொல்கிறேன்.

ஆண்கள் வார்டில் என் பெரியப்பா மகன் முத்துக்கருப்பன் அறுவை முடிந்து படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் பேரையூர்க் கொத்தனார் ஒருவர், அவரும் முத்துக்கருப்பன். என் பெரியப்பா மகனுக்குக் கை வீங்கியதால் கைப்பட்டையை வெட்டி எடுத்திருந்தார்கள். ஊசி போடும் நேரம் வந்துவிட்டது. உடனிருக்கும் மனைவி துணி துவைக்கப் போயிருந்தார். செவிலியர் நாகஜோதி மருந்துத் தட்டோடு நின்றார், ஊசியை எடுக்கவில்லை.

"என்னம்மா யோசன? இவரு எங்க பெரியப்பா மகன். நானே சொல்றேன், போடு" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான்யா இருக்கும். ஆனா சேக்குறப்ப கையெழுத்துப் போட்டது அவுக வீட்டம்மா. அவுக வந்து பாத்துச் சொல்லி, புதுப்பட்டை கட்டுனப்புறந்தான் போடுவேன்."

"நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும்யா. இவுக யாருன்னுதான் உறுதி பண்ணணும்."

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, "விடுண்ணே. எம்பொண்டாட்டி வந்தாத்தான் நான் நானாம்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர், "எம்பொண்டாட்டி இங்கதான் இருக்கா, வேணும்னா கேட்டுக்கங்க" என்றார். வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுமலையில் என் வாய்வார்த்தைக்கு நிலம் கைமாறியிருக்கிறது. நான் கட்டிய கட்டடத்தில், என் ரத்த உறவைக் காட்டி, உண்மையைத்தான் சொன்னேன். அது போதவில்லை.

ஈரத்துணி வாளியோடு மனைவி பாண்டீஸ்வரி வந்து சேர்ந்தார். "இவுக உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார் நாகஜோதி. "வேற யாரு, எந்தலையெழுத்துதான்" என்றார் அவர். அவருடைய பெயரைக் கேட்டு, ஏட்டோடு ஒப்பிட்டு, இன்னொரு செவிலியரையும் அழைத்துக் காட்டி, புதுப்பட்டை கட்டிய பிறகுதான் ஊசி ஏறியது. அதுவரை நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லக்கூட அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை.

சாயங்காலம் உங்கள் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். முறையிடத்தான் கூப்பிட்டேன். "ஒங்க நாகஜோதி எம்பேச்சக் கேக்கல" என்றேன். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"பட்டை இல்லாம ஊசி போட்டாளா, போடலயா அய்யா?"

"போடல."

பிறகு, "அப்ப வெள்ளிக்கெழம நான் கெளம்பலாம்யா" என்றீர்கள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் இதற்கு முன் உங்களிடம் கேட்டதில்லை.

ஆகவே, அம்மையீர், நீங்கள் மறுத்த பிறகும் நான் எழுதி வைத்திருந்த பணி நீட்டிப்பு ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் மனம் அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அடங்கவில்லை. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்பதும் தெரியாது. சான்று வந்தால் உங்களுக்கு முதல் செய்தி வரும். வராவிட்டாலும் வரும், அதையும் நானே சொல்வேன், வேறு வாயால் கேட்க விடமாட்டேன். ஆனால் உங்களை இங்கே நிறுத்தி வைப்பது நீங்கள் செய்த வேலையை நாங்கள் நம்பவில்லை என்று ஊருக்குச் சொல்வதாகும். அந்த அவமரியாதையை எங்கள் குடும்பம் உங்களுக்குச் செய்யாது.

தெற்குவாசல் இல்லத்தில், கணவர் பக்கீர் முகமது அவர்களோடும் மகள் நுஸைபாவோடும் பேரன் அனீஸோடும், ஓடிய கால் ஓய்ந்து, உண்ட சோறு உடம்பில் ஒட்டி, எங்கள் கட்டில் எதிலும் படுக்கும் தேவை வராத உடல்நலத்தோடு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். மருத்துவமனைக்காரர்கள் மனதாரச் சொல்லக்கூடிய பெரிய வாழ்த்து இதுதான்.

ஒரு சொல் மிச்சமிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் உங்களால் வீட்டில் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே வாசல் காவலர் ராஜபாண்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஹாஜராம்மா வந்தா என்னய்யா செய்ய?" என்று கேட்டார். "பார்வையாளர் நேரம் வர்ற வரைக்கும் வேப்பமரத்தடி பெஞ்சுல உக்கார வையி. காபி வாங்கிக் குடு. உள்ள மட்டும் விட்றாத" என்றேன்.

அந்தப் பெஞ்சில் இருவர் உட்காரலாம். மதிப்பீட்டாளர்கள் உள்ளே சுற்றி முடிக்கும் வரை நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

உங்களைப் பெருமையோடு வழியனுப்பும்
சின்னக்கருப்பன் நினைவு மருத்துவமனை ஊழியர்கள் அனைவர் சார்பில்,
தங்கப்பாண்டி
நிறுவனத் தலைவர்
மதுரை