இருபத்தேழாம் கொக்கி

பித்தளைக் கொக்கி துருப்பிடிக்காது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். துருப்பிடிக்கவில்லைதான், ஆனால் உப்புக் காற்றில் பச்சை பூத்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஐம்பது கொக்கிகளையும் நானே எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துப் பளபளவென்று வைப்பேன். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. நீங்கள் எழுதிக்கொள்வதற்கு வசதியாக மெதுவாகவே சொல்கிறேன் சார், எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

நான் வார நாட்களில் லிஃப்ட் சோதிப்பவன். கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஜனங்கள் ஏறலாம். என் கையெழுத்தை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் மேலே போய் வருகிறார்கள், இதுவரை ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் பாய்மரப் படகுப் பந்தயத்துக்குக் கரை அதிகாரி. சம்பளமில்லாத வேலை. பிள்ளைகள் என்னைக் 'கொக்கி அங்கிள்' என்பார்கள். என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், "இவரு சாப்பிட ஒக்கார்றதுக்கும் ஒரு விதி வெச்சிருப்பாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பலகை என் யோசனை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், ஒரு கொக்கி, அதில் மஞ்சள் பூசிய ஒரு மர வில்லை. தண்ணீருக்குப் போகும்போது வில்லையை எடுத்து லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்ததும் அவிழ்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் பாதுகாப்புப் படகுகள் தேடப் போக வேண்டும், அடுத்த பந்தயம் தொடங்கக் கூடாது. விதிப் புத்தகத்தில் பதினான்காம் விதி இது, நான் எழுதியது. கரையில் நாலா பக்கமும் இழுத்துப் போட்டிருக்கும் படகுகளை யாரும் எண்ண மாட்டார்கள், பலகையைத்தான் எண்ணுவார்கள்.

விதி நல்ல விதி. மாட்ட மறந்துவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைத் தேடி ஓடுகிற பிள்ளைகள்தான் தலைவலி. இரண்டு படகும் டீசலை எரித்துக் கடலைச் சலித்துவிட்டு வந்தால், காணாமல் போன பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கும். அதிலும் இருபத்தேழாம் எண்காரி ஒருத்தி இருந்தாள், பதினோரு வயது. அவளுக்கு 'மறதி' என்றே பெயராகிவிட்டது. அவள் அக்கா இருபத்தாறாம் எண், பதினைந்து வயது. தங்கை ஜாக்கெட்டோடு ஓடி வந்து, "அக்கா, இதையும் மாட்டிடு" என்று வில்லையைத் தூக்கிப் போடுவாள், அக்கா இரண்டையும் சேர்த்து மாட்டுவாள். பார்த்தும் பார்க்காமலும் கை தன்பாட்டுக்குச் செய்யும். இரண்டு பேரின் பாயும் யாரோ கழித்துக் கொடுத்த பழைய பாய். தங்கையின் பாயில் ஒரு பெரிய சிவப்பு ஒட்டு இருந்தது, நாற்பத்தோரு படகில் அது ஒன்றில்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இறுதிச் சுற்று. மூன்று பந்தயம் மட்டும் நடந்திருந்தால் எல்லாப் புள்ளியும் கணக்கில் வரும். நான்கு முடிந்தால் ஒவ்வொருவருக்கும் ஆக மோசமான ஒன்றைத் தள்ளிவிடுவோம். முதல் பந்தயத்தில் என் மகன் ஊதல் ஒலிப்பதற்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டான், அதனால் தகுதி நீக்கம். மற்ற இரண்டிலும் அவன்தான் முதல். நான்காவது நடந்தால் கோப்பை அவனுக்கு, நடக்காவிட்டால் ஒன்பதாம் இடம். அவனுக்கு வயது வரம்பு முடிகிற வருஷம் அது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நீங்களாகக் கண்டுபிடித்து வேறு மாதிரி அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. நான் நாற்பது பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

மூன்றாவது பந்தயத்தின் நடுவில் காற்று எழுந்தது. எட்டுப் பத்துப் படகுகள் கவிழ்ந்தன. கவிழ்வது இந்த விளையாட்டில் சகஜம், பிள்ளைகள் நிமிர்த்திக்கொண்டு ஏறிவிடுவார்கள். பாதுகாப்புப் படகுகள் இரண்டும் அங்கும் இங்கும் அல்லாடின. ஒன்று ஐம்பதுக்கு எல்லோரும் கரையேறினார்கள். காற்றும் தணிந்துவிட்டது. நான் பலகை முன்னால் போய் நின்றேன். இருபத்தேழாம் கொக்கி காலி.

இரண்டரை மணிக்குப் பிறகு புதிதாகப் பந்தயம் தொடங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. தேடப் போனால் இரண்டரை தாண்டிவிடும். மைக்கில் அவளைக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் நாற்பது வீட்டு அம்மா அப்பாக்களும் எழுந்து நின்றுவிடுவார்கள், அப்புறம் யாரையும் தண்ணீரில் இறக்க முடியாது. போன மாதம் இதே பெண்ணுக்காக ஒன்றே கால் மணி நேரம் தேடினோம், அவள் கழிவறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அன்று நான் அவளை எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்துத் திட்டினேன். "இனிமே மறக்க மாட்டேன் அங்கிள், அம்மா மேல சத்தியமா" என்றாள். அதற்குப் பிறகு வந்த மூன்று ஞாயிறும் உள்ளங்கையில் பேனாவால் பெரிதாக இருபத்தேழு என்று எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று ஞாயிறும் அக்காவிடம் கொடுக்காமல் தன் கையாலேயே மாட்டினாள், மாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் தலையாட்டினால்தான் நகர்வாள்.

வில்லை தொலைந்தால் மாற்று மாட்டுவதற்காக என் மேஜைக்கடியில் ஒரு பெட்டி உண்டு. ஒன்றிலிருந்து ஐம்பது வரை, ஒவ்வொரு எண்ணிலும் ஒன்று. சாவி என்னிடம். நான் குனிந்து இருபத்தேழை எடுத்து மாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன், அரை நிமிட வேலை. பிறகு பந்தய நடுவருக்கு வாக்கிடாக்கியில் "எல்லாக் கொக்கியும் நிரம்பியாச்சு" என்றேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காக்காரி ஓடி வந்தாள். அவளுடைய பாய் கிழிந்துபோய், பழுது பார்க்கும் கொட்டகையில் அதைத் தைத்துக்கொண்டிருந்தவள். கையில் ஊசி இன்னும் இருந்தது.

"அங்கிள், மறதி வந்துட்டாளா? நான் பாக்கவே இல்ல."

"பலகையப் பாரு."

பார்த்தாள். முகம் தெளிந்தது. "ஓ. நான்தான் மாட்டுனேனா? ஞாபகமே இல்ல."

"எப்பவும் நீதானம்மா மாட்டுவ" என்றேன்.

அவள் தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். தன் வில்லையை எடுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். இரண்டு இருபதுக்கு நான்காவது பந்தயத்தின் ஊதல் ஒலித்தது. தங்கையின் வில்லை கொக்கியிலேயே இருந்ததால், களைத்துப்போய்க் கரையிலேயே தங்கிவிட்டாள் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படித் தங்குகிற சின்னப் பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேர் உண்டு.

நாலரை மணிக்கு அக்காதான் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தாள். படகைத் தண்ணீருக்கு இழுத்துப் போகிற சின்ன வண்டி அது. தங்கையுடையது மணலில் வெறுமையாக நின்றது. அவள் போட்ட சத்தத்தில் கரையே திரும்பியது. அலைத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஐந்து மணிக்குக் கண்டுபிடித்தார்கள். கவிழ்ந்த படகின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள், நழுவிவிடாமல் இருக்க மூன்று சுற்று. கரைக்குக் கொண்டுவந்தபோது முதலில் போய்த் துண்டு போர்த்தியது நான்தான். போர்த்தும்போது ஜாக்கெட்டிலிருந்த வில்லையை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முடிச்சு ஒழுங்காகப் போட்டிருந்தாள். உள்ளங்கையில் எண் பாதி அழிந்திருந்தது.

விசாரணை மூன்று நாள் நடந்தது. ஒரு தாயார் எடுத்த புகைப்படத்தில் பலகை தெளிவாக விழுந்திருந்தது, இருபத்தேழு தொங்கியது. அக்கா தானாகவே சொன்னாள், பழக்கதோஷத்தில் தான்தான் இரண்டையும் மாட்டியிருக்க வேண்டும், தங்கை காலையில் ஜாக்கெட்டில் கட்ட மறந்து தன்னிடமே விட்டிருக்க வேண்டும் என்று. நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. எழுதிக் கையெழுத்தும் போட்டாள், தாள் நகராமல் ஒருவர் பிடித்துக்கொண்டார். அந்த ஒருவர் நான்தான்.

உண்மையான வில்லை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நான்கு வருஷமாகியும் தொட்டால் ஈரமாகவே இருக்கிறது. மரம் ஈரத்தை இழுக்கும், அதில் அதிசயமில்லை. துணியில் சுற்றி வைத்தேன், துணியும் நனைந்தது. வேலையில் ஒரு சின்னத் தொந்தரவு. லிஃப்டில் ஆட்கள் ஏறும்போது எண்ணுகிறேன், இறங்கும்போதும் எண்ணுகிறேன், ஒன்று குறைகிறது. ஏழு பேர் ஏறினால் ஆறு பேர்தான் இறங்குகிறார்கள். கதவு மூடிய பிறகும் உள்ளே யாரோ நின்றுகொண்டு, நான் தலையாட்டுவதற்காகப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். நான் தலையாட்டுவதில்லை. கண் டாக்டரிடம் காட்டினேன், பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார். பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

போன வாரம் அக்காக்காரி வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது. பாதி முடி நரைத்திருக்கிறது. என் மனைவி கொடுத்த காப்பியைத் தொடவே இல்லை.

"அங்கிள், ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். என்னால ஒங்க பலகைக்குக் கெட்ட பேரு."

"போனது போகட்டும்மா. நான் அதை அப்பவே மன்னிச்சிட்டேன்."

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அழுது முடித்தவள், கரை அதிகாரி வேலையை இனித் தானே பார்க்க விரும்புவதாகச் சொன்னாள். "ஒவ்வொரு வில்லையையும் ஒவ்வொரு படகையும் நானே எண்ணுவேன் அங்கிள், அந்த மாத்துப் பெட்டியக்கூட விடமாட்டேன்." சங்கத்திலும் சம்மதித்துவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும். பெட்டியில் இருபத்தேழு இல்லை. இழுப்பறையில் இருப்பதை அதில் போட்டால் பெட்டியெல்லாம் நனைந்துவிடும். அவள் கட்டாயம் கேட்பாள். அதனால்தான் முந்திக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவளாகக் கண்டுபிடித்தால் ரொம்ப வேதனைப்படுவாள்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பந்தயம் முடிந்து என் மகன் வில்லையை மாட்ட வந்தபோது ஒன்று சொன்னான்.

"அப்பா, செவருக்குப் பின்னாடி ஒரு பாய் தண்ணில கெடந்த மாதிரி இருந்துச்சு. செவப்பு ஒட்டுப் போட்டது."

"மாதிரியா, கெடந்துச்சா?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "சரியாத் தெரியல."

"தெரியாததச் சொல்லக் கூடாது. போய்த் தண்ணி குடி, அடுத்த ரேசுக்கு நேரமாச்சு."

அவன் போனான். பந்தயத்தில் ஜெயித்தான். அதற்குப் பிறகு அவன் படகில் ஏறவில்லை. வேறு ஊரில் வேலை, போன் செய்தால் அம்மாவோடு மட்டும் பேசுவான். அந்தப் பாயைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. நல்ல பிள்ளை.

அடுத்தது மருத்துவர் எழுதியது. அவள் நான்கு மணி வரை உயிரோடு இருந்திருக்கலாம் என்று எழுதினார். நான்காவது பந்தயம் மூன்று இருபதுக்கு முடிந்துவிட்டது. ஊதல் சத்தம் சுவருக்குப் பின்னால் நன்றாகவே கேட்கும், நான் பிற்பாடு போய் நின்று பார்த்தேன். அப்போது பாதுகாப்புப் படகு இரண்டும் சும்மாதான் இருந்தன. ஆறு நிமிடத் தூரம். மூன்று முப்பத்தைந்துக்கு அக்கா வந்து, "அங்கிள், அவ டிரஸ் மாத்துற ரூம்லயும் இல்ல, கொஞ்சம் மைக்ல கூப்பிடுங்களேன்" என்றாள். "பரிசு கொடுத்து முடியட்டும், கூட்டத்துல எங்கயாச்சும் நிப்பா" என்றேன். அவளுடைய வாக்குமூலத்தில் இது இல்லை, அவளுக்குக் கொக்கி மட்டும்தான் நினைவிருக்கிறது. மூன்று ஐம்பதுக்கு என் மகன் கோப்பையை வாங்கினான். நான் எழுந்து நின்று கை தட்டினேன். சுவர் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆகவே காற்று என்று எழுத வேண்டாம், மறதி என்றும் எழுத வேண்டாம். நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதோ அந்த வில்லை, ஈரமாக இருக்கும், தாளின் மேல் வைக்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் அவளை மன்னித்தது மன்னித்ததுதான், அதை ஒருநாளும் திரும்ப வாங்க மாட்டேன் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.