கால் படாத பனி

எங்கள் வீட்டுத் தேநீரில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஜனாப். ஆறிப்போனால் இன்னும் கரிக்கும். குடித்துவிட்டே எழுதுங்கள். நான் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. வெளியே இடுப்பளவு பனி, எனக்கு மூட்டுவலி வேறு.

என் பெயர் ஹபீபுல்லா ராதர். கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இந்த ஊரின் ரேஷன் அட்டைகளில் முழித்துக்கொண்டிருக்கும் முகங்களெல்லாம் நான் எடுத்தவை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்குப் பனி. இறங்கிய பிறகு எவனும் மிதிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடக்குமே, அந்தப் பனி. பதினோரு வருடமாக ஸ்ரீநகரில் ஓர் அச்சகத்துக்கு அந்தப் படத்தை அனுப்புகிறேன், காலண்டரில் ஜனவரிப் பக்கத்துக்காக. பதினோரு வருடமும் ஒரே பதில்: படம் அருமை, ஆனால் யாரோ நடந்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. ரொட்டி வாங்க வருகிறவர்கள்தான். என் மாடி ஜன்னலுக்கு நேரே புல்வெளி. அதன் அந்தக் கோடியில் ஆஸ்பத்திரியும் முப்பது வீடுகளும். இந்தக் கோடியில், என் வீட்டை ஒட்டி, சனாவுல்லாவின் ரொட்டி அடுப்பு. விடியுமுன்பே அத்தனை பேரும் புல்வெளியை உழுதுகொண்டு வந்து நிற்பார்கள். ஒரு நாள் ரொட்டி தின்னாவிட்டால் யாரும் செத்துவிடப் போவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சனாவுல்லாவிடம் முறையாகத்தான் கேட்டேன். "ஒரே ஒரு நாள், அடுப்ப ஒன்பது மணிக்குப் பத்த வையேன்."

அவன் மாவுக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "ஏன் பாய், பனி என்ன புதுப் பொண்ணா, யாரும் கண்ணு வெக்கக் கூடாதுங்கறதுக்கு? நீ வேணா புல்வெளிக்கு ஒரு பர்தா தச்சுப் போடேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரம் கடைத்தெருவில் எனக்குப் 'பனிக்கு மாமியார்' என்று பெயர். நான் வன்மம் வைத்துக்கொள்கிறவன் அல்ல. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

பெரிய பனி வரப்போகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று மத்தியானம், பழைய பனி மேல் சந்து முனைகளில் எல்லாம் முஷ்டியை அழுத்தி, அதன் முன்னால் நாலு விரல் நுனியை வைத்தேன். சிறுத்தைத் தடத்துக்கு அவ்வளவுதான் தேவை. உங்கள் வன அலுவலகத்துக்குப் போன் செய்ததும் நான்தான். செய்யாமல் இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். உங்கள் ஆள் அன்றே எடுத்துப்போன படத்தைப் பார்த்து, நாலு தடமும் இடது காலாகவே இருக்கிறதே என்று நீங்கள் பிறகு கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். வலது கையில் கேமரா இருந்தது. பழக்கதோஷம்.

சாயங்காலத்துக்குள் ஊரே பயந்துவிட்டது. சனாவுல்லா வீடு வீடாகப் போய்ச் சொன்னான்: "நாளைக்கு வெயில் ஏறுற வரைக்கும் யாரும் வராதீங்க. ரொட்டிய நானே கொண்டாந்து தரேன்." நல்ல மனிதன். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பனி நின்றது. புல்வெளி மேல் ஒரு காக்கையின் கால்கூட இல்லை. மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வர இன்னும் பத்து நிமிடம். அப்போதுதான் சனாவுல்லாவின் மனைவி ஜூனி அலறினாள். அடுப்புக்கு முன்னால் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். அவளுடைய தம்பி காதிரும் இன்னும் மூன்று பேரும் அவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். புல்வெளி ஓரத்தில் வந்து நின்றுவிட்டார்கள். குறுக்கே போனால் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடம். பாலத்தைச் சுற்றினால், அந்தப் பனியில், ஒரு மணி நேரத்துக்கு மேல்.

"ஹபீப் பாய்! மேலேர்ந்து பாத்துச் சொல்லு, அது இருக்கா?" என்றான் காதிர்.

பார்த்தேன். தூரத்து ஓரம் ரோஜா நிறமாகிக்கொண்டிருந்தது. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. "வால் மாதிரி என்னமோ தெரியுது. எதுக்கும் சுத்திப் போயிடுங்க," என்றேன்.

"நல்லாப் பாருங்க பாய்," என்றாள் ஜூனி. "இவருக்கு மூச்சு இழுக்குது."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா."

கம்பளிக்குள்ளிருந்து சனாவுல்லா என்னை அண்ணாந்து பார்த்தான். பிறகு என் கேமராவை. கட்டிலைத் திருப்பிவிட்டார்கள்.

வெயில் வந்தது. நாற்பத்தொரு படம் எடுத்தேன். குற்றம் செய்கிறவனுக்குக் கை நடுங்கும் என்பார்கள். படங்களை நீங்களே பாருங்கள், ஒன்றுகூட அசங்கவில்லை. அதிலிருந்தே என் மனசு தெரியும்.

பாலத்துத் திருப்பத்தில் அவன் உயிர் போய்விட்டதாம். டாக்டர் இருதயம் என்று எழுதியிருக்கிறார். படித்தவர் எழுதியதை நான் எப்படி மறுப்பது? ஜூனிக்கு அவனுடைய ரேஷன் அட்டைப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு இனாமாகக் கொடுத்தேன். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். தடம் என் கை. சிறுத்தை பொய், வாலும் பொய். என்ன அபராதமோ கட்டிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமாக இருக்கும். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து காதிர் போன் செய்தான். "பாய், மச்சானத் தூக்கிட்டு வரணும். அது போயிடுச்சா?" என்றான்.

"போயிடுச்சு, தாராளமா குறுக்கால வாங்க," என்றேன் உடனே. நாற்பது பேர், ஜனாப். புல்வெளியைக் கண்டபடி மிதித்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. படம்தான் எடுத்து முடித்தாயிற்றே. அப்புறமும் மறிப்பதற்கு நான் என்ன மிருகமா?