பதினெட்டாம் கிணறு

— அளவு நாடாவையும் கொப்பியையும் தாங்கோ அக்கா, நான் வெளிக்கிட வேணும்.

— வந்து பத்து நிமிசம் ஆகேல்லை... முதல் தேத்தண்ணியைக் குடி.

— வைகாசி வெயிலிலை திருநெல்வேலிக் கம்பசிலையிருந்து ஏழு மைல் சைக்கிள் உழக்கினது தேத்தண்ணி குடிக்கவோ? பிந்தினால் ஸ்ரெல்லா தேடுவா. அறையிலை நாங்கள் ரெண்டு பேர்தான்.

— தெரியும், தெரியும். கிணறு பாக்க வந்தனீ. ஞானாம்பிகை எண்டு பேர் எழுதின கொப்பர் கொஞ்சம் பொறுமையையும் சேத்து எழுதியிருக்கலாம்.

— ஐயாவுக்கு அந்தப் பேரை எழுதத் தெரியாது. கூப்பிடத்தான் தெரியும்.

— ... நான் பகிடிக்குச் சொன்னனான் பிள்ளை.

— நானும் பகிடிதான். இதென்ன, இராசமலர் அக்கா? போன வெள்ளி இருவத்தொரு அடி. அதுக்கு முந்தின வெள்ளி பதினாலு. ஒரு கிழமையிலை தண்ணி ஏழடி இறங்குமோ?

— சுண்ணாம்புக் கல்லெல்லே. உள்ளுக்கை பொந்து, குகை எல்லாம் இருக்குமாம்.

— ஆர் சொன்னது?

— நீதான்.

— நான் சொன்னதை எனக்கே விக்காதேங்கோ! முப்பத்தொரு கிணத்திலை இது ஒண்டுதான் கொம்பியூட்டருக்கு அடங்காத கிணறு. உங்கடை பதினெட்டாம் கிணறு.

— பதினெட்டாம் கிணறு... பேர் வடிவாத்தான் கிடக்கு. அதுசரி, உந்தக் கொம்பியூட்டர் என்னதான் செய்யும்?

— மூண்டு தரம் சொன்னனான்.

— நாலாந்தரமும் சொல்லன்.

— கல்லுக்குள்ளாலை தண்ணி எவ்வளவு லேசா ஓடும் எண்டு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு இலக்கம் குடுக்கிறது. அது கிணறுகளின்ரை தண்ணி மட்டத்தைக் கணிச்சுச் சொல்லும். உங்களைப் போல ஆக்கள் அளந்ததோடை ஒத்துப்போகாட்டி, இலக்கத்தை மாத்தித் திரும்ப ஓட விடுறது.

— ஒத்துப்போகுமட்டும்?

— ஒத்துப்போகுமட்டும். இடையிலை கரண்ட் போகாட்டி.

— இதைத்தானே எங்கடை சாத்திரியாரும் செய்தவர்! பொருத்தம் வருமட்டும் நான் பிறந்த நேரத்தை மாத்தி மாத்தி... கடைசியிலை எட்டுப் பொருத்தம்.

— பேந்து?

— பேந்தென்ன... மாப்பிள்ளை லண்டனிலை வேறை கட்டீட்டார்.

— சிரிக்காதேங்கோ. அதுதான் என்ரை சண்டையும். பழைய அளவோடை ஒத்துப்போற இலக்கம் ஒண்டில்லை, நூறு இருக்கு. நூறும் நூறு விதமா வருங்காலம் சொல்லும். இந்தப் பக்கத்துக் கிணறுகள் எத்தினை வரியத்திலை உப்பேறிச் சவராகும் எண்டு கம்பஸ் சேர்மார் கேட்டவை. ரெண்டிலையிருந்து பதினாறுக்குள்ளை எண்டன்.

— அதென்ன பதில்?

— அதுதான் உண்மையான பதில்! சேர்மார் சிரிச்சவை. ஒரு இலக்கம் சொல்லத் தெரியாட்டி என்னத்துக்குப் படிச்சனீ எண்டு கேட்டவை. பதினெட்டாம் கிணத்தைக் கணக்கிலையிருந்து தூக்கிவிட்டால் வடிவா ஒரு இலக்கம் வருமாம்.

— தூக்கினனியோ?

— என்னை என்னெண்டு நினைச்சியள்?

— இல்லை... கேட்டனான்.

— நாளைக்கு றிப்போட் குடுக்க வேணும். அதோடை எல்லாம் முடிஞ்சுது. அதுதான் நாடாவைக் கேக்கிறன்.

— முடிஞ்சுதெண்டால்... இனி வரமாட்டியோ?

— என்னத்துக்கு வாறது?

— ஓம்... அதுவும் சரி.

— நாடா அக்கா.

— பிள்ளை, கோவிக்கமாட்டன் எண்டு சொல்லு.

— கோவிப்பன். சொல்லுங்கோ.

— அந்தக் கொப்பியிலை இருக்கிறது... மார்கழியிலையிருந்து எழுதினதெல்லாம் பொய்.

— என்ன?

— கார்த்திகை வரைக்கும் சரியாத்தான் எழுதினனான். சரியா எழுதினால் நீ வாறேல்லை. பியோன் தம்பிஐயா வந்து கொப்பி ஒற்றையைக் கிழிச்சுக்கொண்டு போயிடுவார். மார்கழியிலை ஒருநாள் பதினாறைப் பத்தொம்பது எண்டு கை தவறி எழுதிப்போட்டன். ரெண்டாம் நாள் நீ ஓடிவந்து கத்தினாய்.

— அதுக்கு?

— அண்ணைமார் எண்பத்திமூண்டுக் கலவரத்தோடை வெளிநாடு போட்டினம். போன வரியம் அம்மாவும் கண்ணை மூடீட்டா... இந்த வளவுக்கை ஆரும் என்னைப் பாத்துக் கத்திக் கனகாலம்.

— அப்ப மெய்யான அளவு?

— அதுவும் இருக்கு. இந்தா, கலண்டருக்குப் பின்பக்கம். ஒரு வெள்ளியும் விடேல்லை. இதைப் போடு, ஒத்துப்போகும்.

— பொறுங்கோ... மாசியிலை 'உப்பு' எண்டு எழுதியிருக்கு?

— மாசியிலையிருந்து கஞ்சிக்கு உப்புப் போடுறேல்லை. தேவைப்படேல்லை.

— அப்ப எனக்குத் தந்த தேத்தண்ணி?

— அது முன்வீட்டுத் தண்ணி... நாளைக்குத்தானே றிப்போட்? மாத்தி ஓட விட நேரம் காணுமெல்லே? ஏன் பேசாமல் நிக்கிறாய்? கத்தன் பிள்ளை.

— றிப்போட் பங்குனியிலையே குடுத்தாச்சு அக்கா. உங்கடை கிணத்தைத் தையிலையே தூக்கிப்போட்டன். சவராக ஒன்பது வரியம் எண்டு எழுதினன்... ஒரு இலக்கம். அதுக்குப் பிறகு நான் வந்ததெல்லாம் சும்மா. ஸ்ரெல்லா கனடாவுக்குப் போய் நாலு மாசம். அறையிலை நான் கத்திறதுக்கும் ஒருத்தரும் இல்லை.